உலக நாடுகளில் குடும்பச் சட்டம் எப்படி மாறியிருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், விவாகரத்து, குழந்தை, ஜீவனாம்சம் ஆகியவை குறித்த சட்டங்கள் சில ஆண்டுகளில் பல நாடுகளில் பெரிதாக மாறிவிட்டன. ஒவ்வொரு செய்தி வரும்போதும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். நாடு விட்டு நாடு வந்து வாழ்பவர்கள் 2, 8, 11 ஆகிய மூன்றையும் தவறாமல் படிக்க வேண்டும்.

1. குடும்பச் சட்டம்னா விவாகரத்துச் சட்டம்தானே?

விவாகரத்து அதில் ஒரு பகுதி. யார் யாரை எந்த வயதில் மணக்கலாம், குழந்தைக்குச் சட்டப்படி யார் பெற்றோர், பிரிந்தபின் குழந்தை யாரிடம் இருக்கும், பராமரிப்புத் தொகை எவ்வளவு, சொத்தை எப்படிப் பிரிப்பது, வீட்டு வன்முறையிலிருந்து எப்படிப் பாதுகாப்புப் பெறுவது, தத்து, வாடகைத்தாய் என எல்லாமே இதற்குள் வரும். நடைமுறையில் விவாகரத்து உத்தரவு வாங்குவது பல நாடுகளில் சுலபமாகிவிட்டது. வழக்கை இழுத்தடிப்பவை பணமும் குழந்தையும்தான்.

2. சட்டம் பாஸ் ஆயிடுச்சுன்னு நியூஸ்ல வந்துச்சு. அப்ப இன்னிக்கே எனக்குப் பொருந்துமா?

பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று தேதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேதி, அமலுக்கு வந்த தேதி, உங்கள் வழக்கு தாக்கலான தேதி. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் புதிய விவாகரத்துச் சட்டம் 2020இல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 2022 ஏப்ரல் 6இல். அதற்கு முன் தொடங்கிய மனுக்கள் பழைய சட்டப்படியே நடந்தன. தாய்லாந்தின் சமத் திருமணச் சட்டம் 2024 செப்டம்பர் 24 அன்று அரசிதழில் வெளியாகி, 120 நாள் கழித்து 2025 ஜனவரி 23 முதல் செல்லுபடியானது. ஜப்பானின் கூட்டுப் பெற்றோர் உரிமைச் சட்டம் நிறைவேறியது 2024 மே மாதம். அமல் தேதி 2026 ஏப்ரல் 1.

இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு அவைகள் கொண்ட நாட்டில் ஓர் அவை மட்டும் நிறைவேற்றினால் அது சட்டமாகிவிடாது. பிலிப்பைன்ஸ் பிரதிநிதிகள் அவை 2024 மே மாதம் விவாகரத்து மசோதாவை ஏற்றபோது, அங்கே விவாகரத்து வந்துவிட்டதாகப் பலர் நம்பினார்கள். செனட் அதை நிறைவேற்றவில்லை.

3. இங்கிலாந்துல காரணமே சொல்லாம டைவர்ஸ் வாங்கலாமாமே, நிஜமா?

நிஜம். முன்பு கள்ள உறவு, தாங்க முடியாத நடத்தை, கைவிட்டுப் போனது போன்ற ஒன்றை நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பல ஆண்டுகள் பிரிந்து வாழ வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஓவன்ஸ் வழக்கில், கணவர் எதிர்த்ததால் மனைவிக்கு விவாகரத்து மறுக்கப்பட்டது. சட்டத்தை மாற்றியே தீர வேண்டும் என்ற குரல் வலுத்தது அதன் பிறகுதான். இப்போது 'இந்த மண வாழ்க்கை மீள முடியாதபடி முறிந்துவிட்டது' என்ற ஒரு வாக்குமூலம் போதும். தனியாகவும் மனு போடலாம், இருவரும் சேர்ந்தும் போடலாம். கல்யாணமாகி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும்.

மனு பதிவான நாளிலிருந்து 20 வாரம் கழித்தே, விவாகரத்து தரத் தடையில்லை என்று சொல்லும் நிபந்தனை உத்தரவைக் கேட்கலாம். அது கிடைத்து ஆறு வாரமும் ஒரு நாளும் கழித்து இறுதி உத்தரவு கேட்கலாம். ஆக, எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆறு மாதம் ஆகும். அந்த 20 வாரத்தைச் சும்மா கழிக்காமல் பணம், வீடு, ஓய்வூதியம் பற்றிப் பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

பலர் சறுக்குவது இங்கேதான். இறுதி உத்தரவு கல்யாணத்தை முடிக்கிறது. பணக் கணக்கை முடிப்பதில்லை. அதற்குத் தனியாக நிதி உத்தரவு வேண்டும். 1992இல் விவாகரத்தான ஒரு தம்பதியில், 2011இல் முன்னாள் மனைவி பணம் கேட்டு வழக்குப் போட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை நடத்த அனுமதித்தது. இதன் மறுபக்கமும் ஆபத்தானது: நிதி மனு போடாமல் மறுமணம் செய்துகொண்டால், முன்னாள் துணையிடம் கேட்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும்.

4. ஒருத்தர் ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்?

நாட்டுக்கு நாடு பதில் மாறும். இங்கிலாந்தில் 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லித் தடுக்க முடியாது. இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அந்தத் திருமணமே செல்லாது, ஏற்கெனவே சட்டப்படி முடிந்துவிட்டது என்ற மாதிரியான காரணங்களுக்கு மட்டும் எதிர்ப்பு எடுபடும். சிங்கப்பூரில் 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதல் விவாகரத்து வந்திருக்கிறது. இருவரும் சம்மதித்து, உறவு ஏன் முறிந்தது, சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தார்கள், குழந்தைக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று எழுதித் தர வேண்டும். மீண்டும் சேர வாய்ப்பிருப்பதாகத் தெரிந்தால் நீதிமன்றம் மறுத்துவிடும். ஒருவர் மறுத்தால் பழைய காரணங்களுக்கே திரும்ப வேண்டும்.

இந்தியாவில் 2023 மே 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீள முடியாத முறிவைக் காரணமாக வைத்து அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின் கீழ் தன்னால் விவாகரத்து தர முடியும் என்றது. குடும்ப நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ அந்த அதிகாரம் கிடையாது. இதை உரிமையாகக் கேட்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகவும் முடியாது.

5. சீனாவில 30 நாள் காத்திருக்கணும்ங்கறது எல்லாருக்குமா?

பதிவு அலுவலகத்தில் இருவரும் சம்மதித்து வாங்கும் விவாகரத்துக்கு மட்டும். 2021 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பின் 1077ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விண்ணப்பம் வாங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அது முடிந்த அடுத்த 30 நாளுக்குள் இருவரும் நேரில் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் விண்ணப்பம் ரத்தானதாகக் கருதப்படும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதாவது சம்மதிப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டாவது முறை வராமல் இருந்தே ஒருவர் மற்றவரை இழுத்தடிக்க முடியும். அடி உதைக்கு ஆளானவர் இந்த வழியை நம்பாமல் நீதிமன்றத்துக்குப் போவது நல்லது. அங்கே இந்த 30 நாள் விதி இல்லை.

6. கோர்ட்டுக்கே போகாம நோட்டரிகிட்ட முடிச்சுக்கலாமா?

பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல் முடியும். இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் கட்டாயம். ஒப்பந்த வரைவு பதிவுத் தபாலில் வந்தபின் 15 நாள் கழித்தே கையெழுத்திடலாம். அதற்கு முன் போட்ட கையெழுத்து செல்லாது. கையெழுத்தானதும் ஏழு நாளுக்குள் நோட்டரியிடம் அனுப்பப்படும், அவர் பதிவு செய்ததும் மணம் முறிகிறது. வயதுவராத குழந்தை தன்னை நீதிபதி கேட்க வேண்டும் என்று சொன்னால் இந்த வழி மூடிவிடும், நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

உள்நாட்டில் வசதியானதுதான். வெளிநாட்டில் 'நீதிமன்றத் தீர்ப்பு எங்கே?' என்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2022 ஆகஸ்ட் 1 முதல் பொருந்தும் புதிய ஒழுங்குமுறை இத்தகைய ஒப்பந்த விவாகரத்தையும் ஏற்கச் சொல்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே அப்படி உத்தரவாதம் இல்லை. தம்பதியில் ஒருவராவது வேறு நாட்டுக் குடிமகனாக இருந்தால், சற்றுக் கூடுதல் செலவானாலும் நீதிமன்றத் தீர்ப்பாக வாங்குவதையே பரிந்துரைக்கிறோம்.

7. விவாகரத்தே இல்லாத நாடு இன்னும் இருக்கா?

பிலிப்பைன்ஸும் வத்திக்கானும். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டப்படி விவாகரத்து உண்டு. மற்றவர்களுக்குத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கும் வழி மட்டும். 'உளவியல் தகுதியின்மை' என்ற காரணத்துக்கு மருத்துவர் சான்று கட்டாயமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னபின் அந்த வழி ஓரளவு அகலமாகியிருக்கிறது. அயர்லாந்தில் 2019 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு, ஐந்தில் நான்கு ஆண்டு பிரிந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை மூன்றில் இரண்டாகக் குறைந்தது.

8. வெளிநாட்டுல வாங்கின விவாகரத்து என் நாட்டுல செல்லுமா?

அதிகம் பேர் ஏமாறுவது இதில். ஒரு நாட்டில் விவாகரத்து ஆனவர் இன்னொரு நாட்டுச் சட்டப்படி இன்னும் மணமானவராகவே இருக்கலாம். அந்த நிலையில் மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம் வரை போகும்.

இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவை வைத்துச் சோதிப்பார்கள். 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, தம்பதியின் திருமணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்தை ஏற்றிருக்க வேண்டும். இதை 3ஆம் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒருவர் மட்டும் மனுப் போட்டு, இந்தியாவில் இருக்கும் மற்றவர் வழக்கில் கலந்துகொள்ளாமலே உத்தரவு வந்தால், இந்து திருமணச் சட்டத்தில் அந்தக் காரணமே இல்லை என்பதால் இந்தியாவில் அது நிற்பது கடினம். இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவாக இருந்தால் நிலைமை வெகுவாக மாறும்.

பிலிப்பைன்ஸ் குடிமகன் வெளிநாட்டுத் துணையை வெளிநாட்டில் விவாகரத்து செய்தால், யார் மனுப் போட்டிருந்தாலும் அதை அங்கீகரிக்கலாம் என்று 2018இல் தீர்ப்பானது. ஆனால் அங்கீகாரம் தானாக வராது. வட்டார விசாரணை நீதிமன்றத்தில் தனி மனுப் போட்டு, தீர்ப்பை மட்டுமல்லாமல் அந்த வெளிநாட்டுச் சட்டத்தையும் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். சட்டப் பிரதியை இணைக்காததாலேயே தள்ளுபடியாகும் மனுக்கள் உண்டு. இங்கிலாந்து மண்ணில் வாயால் சொல்லும் தலாக்கும் அங்கே சட்டப்படி விவாகரத்தாகாது.

9. அப்போஸ்டில் முத்திரை வாங்கிட்டா போதும்தானே?

போதாது. அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி ஒட்டப்படும் சான்று. அந்த ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே அது சொல்கிறது. உள்ளே இருக்கும் விஷயம் சரி என்றோ, தீர்ப்பு உங்கள் நாட்டில் செல்லும் என்றோ சொல்வதில்லை. செல்லுமா என்பதற்கு 8ஆம் கேள்விதான் பதில்.

ஆனாலும் இது பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும். சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும், கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்திருக்கிறது. தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கும் பழைய வேலை அந்த இரு நாட்டு ஆவணங்களுக்கும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் அப்போஸ்டில் கிடைக்கும். சான்றளித்த நகல் வாங்கி, அப்போஸ்டில் ஒட்டி, அதன்பின் மொழிபெயர்க்க வேண்டும். முதலில் மொழிபெயர்த்தால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்ப்பில் விட்டுப்போய், திருப்பி அனுப்புவார்கள்.

10. ஜாயின்ட் கஸ்டடின்னா பாதி நாள் அம்மாகிட்ட, பாதி நாள் அப்பாகிட்டயா?

இல்லை. இந்த ஒரு தப்பெண்ணம் ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்த வைத்திருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை வேறு, குழந்தை யாருடன் எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு. ஆஸ்திரேலியாவில் 2006 முதல் 'சமமாகப் பகிர்ந்த பெற்றோர் பொறுப்பு' என்ற அனுமானம், அதாவது மாறான காரணம் இல்லாதவரை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் தொடக்க நிலை, இருந்தது. அது பள்ளி, மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளைப் பற்றியது. பெற்றோர்கள் அதை 'பாதிக்குப் பாதி நேரம்' என்று புரிந்துகொண்டு, பயந்து, பாதுகாப்பற்ற ஏற்பாடுகளுக்கும் சம்மதித்தார்கள். 2024 மே 6 முதல் அந்த அனுமானம் நீக்கப்பட்டது. குழந்தையின் நலனைக் கணிக்கும் நீண்ட பட்டியலும் ஆறு அம்சங்களாகச் சுருங்கியது. முதலில் வருவது பாதுகாப்பு.

ஜப்பான் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அங்கே விவாகரத்தானால் ஒரு பெற்றோருக்கு மட்டுமே உரிமை என்றிருந்தது. மற்றவர் பல சமயம் குழந்தையின் வாழ்க்கையிலிருந்தே மறைந்துபோவார். புதிய சட்டம் கூட்டு உரிமையைத் தேர்ந்தெடுக்க வழிவிடுகிறது. உடன்பாடு வராவிட்டால் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்யும். வன்முறை அல்லது சித்திரவதை நடக்கும் அபாயம் இருந்தால் ஒருவருக்கே தர வேண்டும். அன்றாட விஷயங்களையும் அவசர முடிவுகளையும் ஒருவர் தனியாக எடுக்கலாம். முன்பே விவாகரத்தானவர்களும் மாற்றம் கேட்டு மனுப் போடலாம்; தானாக எதுவும் மாறிவிடாது.

இங்கிலாந்திலும், இரு பெற்றோரின் பங்கும் குழந்தைக்கு நல்லது என்ற 2014ஆம் ஆண்டு அனுமானத்தை நீக்கப்போவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் உள்ள இடைவெளியை 2ஆம் கேள்வியில் பார்த்தோம். இந்த மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், அப்பா அம்மா உரிமைச் சண்டையைவிட குழந்தையின் பாதுகாப்புக்கு முதலிடம் தரும் போக்கு தெரிகிறது. அது சரியான போக்கு என்றே நம்புகிறோம்.

11. குழந்தையைத் தூக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டாங்க. என்ன செய்யறது?

நாட்களை எண்ணுங்கள். 1980ஆம் ஆண்டின் ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் 100க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. 16 வயதுக்குள் உள்ள குழந்தையை, அது வழக்கமாக வசிக்கும் நாட்டிலிருந்து மற்றவரின் உரிமையை மீறிக் கொண்டுபோனால், திருப்பி அனுப்பக் கேட்கலாம். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை இந்த வழக்கு தீர்மானிக்காது. எந்த நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். கொண்டுபோய் ஓராண்டுக்குள் மனுப் போட்டால் திருப்பி அனுப்புவதே விதி. ஓராண்டு தாண்டினால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். மனுவை ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. பல நாடுகளில் அதற்கு மேல் இழுக்கிறது.

முதலில் உங்கள் நாட்டில் இந்த உடன்படிக்கைக்கான மைய அதிகார அமைப்பிடம் விண்ணப்பியுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவை வழக்கமான வசிப்பிடத்தை நிரூபிக்கும். 'சரி, கொஞ்ச நாள் இருந்துட்டு வா' என்று அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி சம்மதமாகக் காட்டப்பட்டு வழக்கே கெடலாம். பயணத் தேதியும் திரும்பும் தேதியும் எழுதாத சம்மதம் தராதீர்கள். திருப்பி அனுப்பினால் குழந்தைக்குக் கடும் ஆபத்து என்பதுதான் முக்கிய எதிர்வாதம். அப்படி ஆபத்து இருப்பதாகக் கண்டபின், அதைக் குறைக்கும் எல்லா ஏற்பாடுகளையும் நீதிமன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2022இல் கோலன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வன்முறையிலிருந்து தப்பி ஓடிவந்த தாய்மார்களுக்கு இது முக்கியமான தீர்ப்பு.

இந்தியா இந்த உடன்படிக்கையில் இல்லை. குழந்தை அங்கே இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் வழக்கமான வழி. வெளிநாட்டு உத்தரவை நீதிமன்றம் ஒரு அம்சமாக மட்டும் எடுத்துக்கொண்டு குழந்தையின் நலனைத் தானே எடைபோடும். இலங்கை, சிங்கப்பூர், பாகிஸ்தான், ஜப்பான் ஆகியவை உறுப்பு நாடுகள். ஆனால் பின்னாளில் சேர்ந்த நாட்டை மற்ற நாடு தனியாக ஏற்றிருந்தால்தான் இரண்டுக்கும் இடையே உடன்படிக்கை இயங்கும். இரு நாடுகளும் பட்டியலில் இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாமல், ஒன்றையொன்று ஏற்றிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

12. அப்பா வெளிநாட்டுக்குப் போயிட்டார், பணம் அனுப்பறதில்லை. வாங்க வழி இருக்கா?

2007ஆம் ஆண்டின் ஹேக் பராமரிப்பு உடன்படிக்கை இதற்காகவே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்டவை அதில் உள்ளன. மைய அதிகார அமைப்பு வழியாக விண்ணப்பித்தால், 21 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கான தொகைக்குப் பொதுவாக இலவசச் சட்ட உதவி உண்டு. அமெரிக்காவில் பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் மறுக்கப்படும்.

பணம் வரும்வரை குழந்தை காத்திருக்க முடியாது என்பதை தென் கொரியா சரியாகப் புரிந்துகொண்டது. 2025 ஜூலை 1 முதல், தகுதியுள்ள ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களுக்கு அரசே மாதம் ஒரு குழந்தைக்கு 2 லட்சம் வான் முன்பணமாகத் தந்துவிட்டு, கொடுக்காத பெற்றோரிடம் வசூலிக்கிறது. ஜப்பானின் புதிய சட்டத்தில், ஒப்பந்தம் ஏதுமின்றிப் பிரிந்தாலும் குழந்தைக்கு மாதம் 20,000 யென் கேட்கலாம். சட்டம் அமலானபின் நடக்கும் விவாகரத்துகளுக்கு மட்டுமே இது.

13. வீடு அவர் பேர்ல இருக்கு. பாதி எனக்கு வருமா? வீட்டுவேலைக்கு மதிப்பு உண்டா?

இங்கிலாந்தில் 'குடும்பச் சொத்து' (மணவாழ்க்கையில் இருவரும் சேர்த்தது), 'குடும்பம் சாராத சொத்து' (கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, பரம்பரையாக வந்தது போன்றவை) என்ற பிரிவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 2025 ஜூலை 2 அன்று ஸ்டாண்டிஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமமாகப் பகிர்வது குடும்பச் சொத்துக்கு மட்டும் என்றது. வரி மிச்சப்படுத்த மனைவி பெயருக்கு மாற்றிய கோடிக்கணக்கான பவுண்டுகள், பெயர் மாறியதாலேயே குடும்பச் சொத்தாகிவிடவில்லை. இருவரும் அதைக் காலப்போக்கில் பொதுவானதாக நடத்தினார்களா என்பதே கேள்வி. ஆகவே பத்திரத்தில் உள்ள பெயரைவிட, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவானது என்பதற்கான வங்கிக் கணக்குகள் முக்கியம்.

சீனாவில் 2025 பிப்ரவரி 1 முதல் உச்ச மக்கள் நீதிமன்றத்தின் புதிய விளக்கம் பொருந்துகிறது. கல்யாணத்துக்குப் பின் ஒரு பக்கத்துப் பெற்றோர் முழுப் பணம் போட்டு வாங்கிய வீட்டை அவர்கள் பிள்ளைக்கே தந்துவிட்டு, மற்றவருக்கு ஈடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம். வீட்டுவேலைக்கான ஈட்டை சிவில் சட்டத் தொகுப்பின் 1088ஆம் பிரிவில் கேட்கலாம். விவாகரத்தின்போதே கேட்க வேண்டும். 2021இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று ஐந்தாண்டு வீட்டுவேலைக்கு 50,000 யுவான் தந்தது. அந்த உழைப்பைப் பார்க்க அது மிகக் குறைவு என்று அங்கேயே பலர் கொதித்தார்கள், நியாயமான கோபம்.

14. நாயை யார் வச்சுக்கறதுன்னு கூட சட்டம் வந்திருக்காமே?

ஆம். ஸ்பெயினில் 2022 ஜனவரி முதல் விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள். நீதிபதி பகிர்ந்து வளர்க்கவும் உத்தரவிடலாம். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூன் 10 முதல் செல்லப்பிராணியை ஒருவருக்குத் தரலாம், வேறொருவருக்கு மாற்றலாம், விற்கச் சொல்லலாம். பகிரும் உத்தரவு கிடையாது. விலங்கைக் கொடுமைப்படுத்திய, அதை வைத்துத் துணையை மிரட்டிய வரலாறும் கணக்கில் வரும்.

15. நாங்க முஸ்லிம் இல்லை, துபாய்ல இருக்கோம். ஷரியா சட்டம்தான் பொருந்துமா?

ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சிவில் குடும்பச் சட்டம் 2023 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அபுதாபி 2021லேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. குற்றம் எதையும் நிரூபிக்காமல் யாரும் விவாகரத்து கேட்கலாம். குழந்தைப் பொறுப்பு பொதுவாக இருவருக்கும் சமம். சொந்த நாட்டுச் சட்டத்தைப் பொருத்தும்படியும் கேட்க முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மனுவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். அங்கே சுலபமாக வாங்கிய உத்தரவு ஊரில் நிற்குமா என்பதற்கு மறுபடி 8ஆம் கேள்விதான்.

16. ஒரே பாலினத்தவர் கல்யாணம் தாய்லாந்துல பண்ணிட்டா எல்லா நாட்டுலயும் செல்லுமா?

செல்லாது. 2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்தில் தொடங்கி, ஆசியாவில் தைவான் 2019இலும், தாய்லாந்து 2025இலும், ஐரோப்பாவில் எஸ்டோனியாவும் கிரீஸும் 2024இலும் சேர்ந்தன. இந்தியாவில் 2023 அக்டோபர் 17 அன்று, இதை நாடாளுமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆகவே தாய்லாந்துச் சான்றிதழை வைத்து இந்தியாவில் கணவன், மனைவி என்ற உரிமை எதையும் கோர முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிலை வேறு. ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி நடந்த திருமணத்தை இன்னொரு உறுப்பு நாடு அங்கீகரிக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் போலந்து சம்பந்தப்பட்ட வழக்கில் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நாட்டிலேயே அத்தகைய திருமணத்தை நடத்திவைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. விவாகரத்து பற்றியும் முன்கூட்டியே யோசியுங்கள்: திருமணத்தை ஏற்காத நாடு அதை முறிக்கவும் மறுக்கும்.

17. வாடகைத்தாய் மூலமா வெளிநாட்டுல குழந்தை பெத்துக்கறது இப்பவும் சட்டப்படி சரியா?

பல கதவுகள் மூடிவிட்டன. தாய்லாந்து 2015இல் வெளிநாட்டவருக்குத் தடை போட்டது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிக ரீதியான முறையைத் தடுக்கிறது. வாடகைத்தாய்க்கு 36 மாதக் காப்பீடு எடுத்தாக வேண்டும், மருத்துவச் செலவும் சட்டம் வகுத்த செலவும் தவிரப் பணம் தரக்கூடாது. இத்தாலி 2024 அக்டோபரில் இன்னும் கடுமையானது: இத்தாலியக் குடிமக்கள் வெளிநாட்டில் செய்தாலும் குற்றம், மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 6 லட்சம் முதல் 10 லட்சம் யூரோ வரை அபராதம்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டிலும் பிரச்சினை குழந்தை பிறந்தபிறகே தொடங்குகிறது. இங்கிலாந்துச் சட்டப்படி பெற்றவளே தாய், உலகின் எந்த மூலையில் பிறந்தாலும். உங்களைச் சட்டப்படி பெற்றோராக்கும் 'பெற்றோர் உத்தரவு'க்குக் குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். வாடகைத்தாயின் சம்மதம் குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்தே செல்லும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: பிறக்கும் நாட்டில் சட்டப்படி பெற்றோர் யார், உங்கள் நாட்டில் யார், குழந்தை எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் திரும்பும். மூன்றாவதற்குப் பதில் இல்லாமல் போனதால் எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி மாதக்கணக்கில் சிக்கிய குழந்தைகள் உண்டு.

18. கல்யாண வயசு எல்லா இடத்துலயும் 18 ஆயிடுச்சா?

இல்லை. ஜப்பானில் பெண்ணின் வயது 2022 ஏப்ரலில் 16இலிருந்து 18 ஆனது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2023 பிப்ரவரி 27 முதல் 18. பதிவில்லாத மதச் சடங்குக்கும் இது பொருந்தும், ஏற்பாடு செய்பவருக்கு ஏழாண்டு வரை சிறை. அதே நாட்டின் ஸ்காட்லாந்தில் 16 என்பது தொடர்கிறது. இந்தோனேசியா 2019இல் பெண்ணுக்கும் 19 ஆக்கியது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் 2024 ஜூலையில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எதிர்த் திசையில், ஈராக் 2025 ஜனவரியில் தன் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி மதச் சட்டத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வழிவிட்டது. சிறுமிகளின் நிலை கெடும் என்று அந்நாட்டுப் பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன.

19. அவர் ஒரு நாட்டுல கேஸ் போட்டுட்டார், நான் இன்னொரு நாட்டுல போட்டிருக்கேன். எது செல்லும்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் முதலில் எங்கே தாக்கலானதோ அதுவே ஓடும், இரண்டாவது நிறுத்தப்படும். அதனால் அங்கே சில மணி நேரம்கூட வித்தியாசம் செய்யும். பிரிட்டன் 2020 இறுதியில் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. இப்போது இங்கிலாந்து நீதிமன்றம், எந்த நாட்டில் விசாரிப்பது பொருத்தம் என்று எடைபோடும்: குடும்பம் எங்கே வாழ்ந்தது, சொத்தும் சாட்சிகளும் எங்கே, எந்த உத்தரவை நிறைவேற்ற முடியும். முதலில் போட்டது ஓர் அம்சம் மட்டுமே.

வெளிநாட்டுச் சம்மன் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், அவசரமாக முழுப் பதில் மனுவும் போடாதீர்கள். ஒதுங்கியிருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். வழக்கின் உள்ளே போய் வாதாடிவிட்டால், அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டதாக 8ஆம் கேள்வியில் சொன்ன விதி உங்கள்மேலேயே திரும்பும். 'அதிகாரத்தை மறுப்பதற்காக மட்டும் ஆஜராகிறேன்' என்று முதல் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். சம்மன் கைக்கு வந்த தேதியும் வந்த விதமும் தெரியும் உறையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் தருவதற்கான கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும்.